பார் கம்பியற்ற மிதிவண்டி: ஒரு வடிவத்தின் வேர்களைத் தேடி

நகரத் தெருக்களில் கடைக்கும் நூலகத்திற்கும் அவசரமின்றிச் சென்று வர, முதுகை நிமிர்த்தி ஓட்டத்தக்க மிதிவண்டி ஒன்றைத் தேடுவோர், சட்டகத்தின் நடுப்பகுதி தாழ்ந்து, காலைப் பின்புறமாகத் தூக்கி வீசாமல் முன்புறமாகவே நுழைத்து ஏறக்கூடிய வடிவத்தை விரைவில் வந்தடைகின்றனர். தமிழ்நாட்டுக் கடைகளில் ‘லேடீஸ் சைக்கிள்’ என வழங்கும் இவ்வடிவம், ஆண்களின் வண்டியிலிருந்து பார் கம்பியை, அதாவது இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் மேற்குழலை, நீக்கிப் பெண்களுக்காகப் பின்னாளில் செய்த திருத்தம் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இக்கருத்து நிற்பதில்லை.

முதல் தடயம் பெடல் தோன்றுவதற்கும் முந்தையது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் உருவாக்கிய இருசக்கர ஓடுபொறி, அமர்ந்தபடியே காலால் தரையை உந்திச் செலுத்தும் மரவண்டியாகும். லண்டனில் கோச்சு வண்டிகள் செய்துவந்த டெனிஸ் ஜான்சன் அதை மேம்படுத்தி விற்கத் தொடங்கியதுடன், 1819இல் நீண்ட பாவாடை அணிந்தோரும் ஏறும் வண்ணம் நடுச்சட்டத்தைத் தாழ வளைத்த வண்டி ஒன்றையும் செய்தார். ஆகவே தாழ்ந்த சட்டகம் என்னும் எண்ணம், மிதிவண்டி வரலாற்றின் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே பிறந்துவிட்டது.

அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது மறைந்துபோயிற்று. 1860களில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டது. ஒரு சுற்றில் அதிகத் தொலைவு செல்ல வேண்டுமானால் அச்சக்கரத்தையே பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லாமற் போனதால், ஆளுயரச் சக்கரத்தின் மேல் அமரும் வண்டிகள் தோன்றின. தாழ்த்தத்தக்க நடுச்சட்டம் அவற்றில் இல்லை. குதிரையில் ஒருபக்கமாக அமர்வதைப் போல, இரு பெடல்களும் ஒரே பக்கம் அமைந்த உயர்சக்கர வண்டியை 1874இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி முயன்று பார்த்தார்; அது நிலைக்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் மூன்று சக்கர வண்டிகளையே நாடினர்; 1881இல் விக்டோரியா அரசியாரே அத்தகைய வண்டியை வாங்கினார்.

திருப்பம் 1885இல் நேர்ந்தது. ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, அதே கவென்ட்ரியில், பெடலை இரு சக்கரங்களுக்கும் நடுவே தாழ வைத்து, அதன் விசையைச் செயின் வழியாகப் பின்சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். பற்சக்கரங்களின் அளவே வேகத்தைத் தீர்மானித்ததால் சக்கரங்கள் சிறுத்தன. இருக்கை தரையை நெருங்கியது. இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் ஒரு வெற்றிடம் உருவாயிற்று. அவ்வெற்றிடத்தை எவ்வாறு நிரப்புவது என்பதில் தொடக்கத்தில் ஒருமித்த கருத்து இல்லை. முதல் ரோவரின் சட்டகமே இன்றைய ‘வைரச் சட்டகம்’, அதாவது மேற்குழலும் கீழ்க்குழலும் பின்சக்கரத்தைத் தாங்கும் குழல்களும் சேர்ந்து சாய்சதுரம் போல அமைவது, அன்று. அது பொது வடிவமாக நிலைபெற்றது 1890 வாக்கில்தான். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டனில் ‘டார்ட்’ என்னும் தாழ்சட்டக வண்டி 1888 அளவிலும், கவென்ட்ரியில் ஸ்டார்லி சகோதரர்களின் ‘சைக்கோ’ என்னும் பெண்கள் வண்டி 1889இலும் வந்துவிட்டன. எனவே தாழ்சட்டகம் குறைக்கப்பட்ட ஆண்கள் வண்டி அன்று. ஒரே வெற்றிடத்திற்கு ஒரே காலத்தில் அளிக்கப்பட்ட இரு விடைகளுள் ஒன்று. இத்தேடலில் கிடைத்தவற்றுள் மிக முதன்மையானது இதுவே எனலாம். தமிழகச் சிறுவர்கள் பார் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ அடித்த வழக்கமும், வைரச் சட்டகம் எல்லா உடல்களுக்கும் உரிய இயல்பான வடிவம் அன்று என்பதையே காட்டுகிறது.

இருப்பினும் இரு விடைகளும் வலிமையில் நிகரானவை அல்ல என்பதை மறைக்கலாகாது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாதவரை அதன் கோணங்கள் மாற இயலா. வைரச் சட்டகத்தின் முன்பாதி ஏறக்குறைய முக்கோணமாகவே இருப்பதால், மெல்லிய குழல்களைக் கொண்டே அது முறுக்கத்தைத் தாங்குகிறது. மேற்குழல் கீழிறங்கிக் கீழ்க்குழலை நெருங்கும்போது முக்கோணம் ஒடுங்கி, ஹேண்டில்பாரின் அசைவுக்கும் பின்சக்கரத்தின் எடைக்கும் இடையே சட்டகம் முறுகத் தொடங்குகிறது. இதை ஈடுசெய்யத் தடித்த குழல்களையோ, முன்கழுத்திலிருந்து பின்னச்சு வரை இருபுறமும் ஓடும் மெல்லிய இரட்டைக் குழல்களையோ அமைப்பர். பின்னதற்கு ‘மிக்ஸ்ட்’ சட்டகம் என்று பெயர்.

சட்டகத்தைப் போலவே தேடப்படும் நிமிர்ந்த இருக்கை நிலைக்கு இன்று பேர்போனது நெதர்லாந்து. அங்கு ‘ஓமாஃபீட்ஸ்’, அதாவது பாட்டியின் சைக்கிள், எனப்படும் வண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில வடிவத்தைப் பெரிதும் மாற்றாமல் இன்றும் வைத்திருக்கிறது. இருக்கைக் குழல் நன்றாகப் பின்சாய்ந்திருப்பதால் பெடல் சற்று முன்னே அமைகிறது. ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வருவதால் கைகளில் எடை விழுவதில்லை. செயினை முழுதும் மூடும் உறையும், உடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் மறைப்பும், 1903இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் சாக்ஸ் உருவாக்கிய ‘டார்பிடோ’ போன்று பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் அச்சும் அதனுடன் சேர்ந்தன. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், நிமிர்ந்த உடல் வேக ஓட்டத்தில் பெரும் சுமையாகும். மெதுவான நகர ஓட்டத்தில் அச்சுமை சிறிது, சுற்றிலும் பார்க்கும் வசதியோ பெரிது. எனினும் உடலின் எடையில் பெரும்பகுதி இருக்கையிலேயே இறங்குவதால், அகன்ற, சுருள்வில் பொருத்திய சீட்டு இங்கு ஆடம்பரம் அன்று.

தேடலின் போக்கில் புதுக்கோட்டைக்கும் தனியிடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்துடன், அங்கு கிராமப் பெண்கள் திரளாகச் சைக்கிள் கற்றனர். பெண்கள் வண்டிகளுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் ஆண்கள் வண்டியை ஏற்றுக்கொண்ட அவர்களுள் சிலர், பார் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதற்காக அதையே விரும்பியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பாவாடைக்காகத் தாழ்த்தப்பட்ட கம்பியைச் சேலை அணிந்த தாய்மார்கள் குழந்தைக்காகத் திரும்பக் கேட்டனர் என்பது, இவ்வடிவத்தைப் பாலின அடையாளமாகக் கொள்வோர் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தியாகும்.

ஆதலால் மூட்டுவலியுள்ள முதியவர், ஆணாயினும், தாழ்சட்டகத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். நாள்தோறும் கனத்த சுமை ஏற்றுபவர், பெண்ணாயினும், அதன் குழல்களை ஒருமுறை உற்றுநோக்குதல் நன்று. பெடல் அடிப்புள்ளிக்கு வரும்போது கால் ஏறத்தாழ நீளும்படியும், கைப்பிடி சீட்டைவிட உயர்ந்திருக்கும்படியும் பொருத்தியபின், வெற்று வண்டியை அல்லாமல், வழக்கமாக ஏற்றவிருக்கும் எடையைக் கேரியரில் வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது முன்பகுதி நெளிந்தாடுமாயின், ஒற்றைக் குழல் வண்டியை விடுத்து இரட்டைக் குழல் உடையதைக் கேட்பது தக்கது.