பேட்டரி மேல் போட்ட பழி

"புது பேட்டரின்னு சொல்லி பழைய ஸ்டாக்கை என் தலையில கட்டிட்டீங்களா?" என்று ஒரு பேட்டரிக் கடைக்காரரிடம் நான் சத்தம் போட்டிருக்கிறேன். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்ததும் எனக்கு வேகம் இன்னும் கூடியது. கடைக்காரர் பதிலுக்குக் கத்தவில்லை. அதையே அவர் தப்பு செய்ததற்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொண்டேன்.

கதை அதற்கு ஒரு வாரம் முன்பு ஒட்டன்சத்திரத்தில் தொடங்கியது. திண்டுக்கல்லிலிருந்து காலையில் பைக்கில் கிளம்பி, காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு டீ குடித்தேன். திரும்ப வந்து சாவியைப் போட்டால் மீட்டர் மங்கலாக எரிந்தது. செல்ஃப் அடித்தால் சீட்டுக்கு அடியில் டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆன வண்டி.

டீக்கடையில் நின்ற இளைஞர்கள் ஆளுக்கொரு கை கொடுத்துத் தள்ளினார்கள். இரண்டாவது கியர், கிளட்சை விடு, மறுபடி தள்ளு. நாலு தடவை ஆனது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. "கிக்கர் இல்லையா அண்ணே?" என்றான் ஒருவன். இல்லை. என்னுடையது 2021-இல் வாங்கியது, பி.எஸ்.6 வண்டி. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் தானாக இறங்கிவிடும், தள்ளினால் கிளம்பிவிடும். இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் கரன்ட் வேண்டும், அதை ஆட்டிவைக்கிற பெட்டிக்கும் கரன்ட் வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் ஊரே சேர்ந்து தள்ளினாலும் பயனில்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பையன்களுக்கு வியர்த்திருக்காது.

குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பேட்டரிக் கடையில் இறக்கினேன். பழசுக்கு மூன்றரை வயது. ஆயுள் முடிந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். "சார்ஜ் போட்டு செக் பண்ணிப் பார்ப்போமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், புதுசு போடுங்கள் என்றேன். பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். வண்டி பூப்போல ஸ்டார்ட் ஆனது. ஏழாம் நாள் காலையில் வீட்டு வாசலிலேயே மறுபடி டிக் டிக்.

அன்றைக்குத்தான் அந்தச் சண்டை. அவர் பேட்டரியைக் கழற்றி வாங்கி வைத்து, ராத்திரி முழுவதும் சார்ஜ் போட்டார். காலையில் உடனே அளக்கவில்லை. சார்ஜரைக் கழற்றி மூன்று மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மீட்டரை வைத்தார். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் எந்தக் கிழ பேட்டரியும் நல்ல நம்பர் காட்டும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. 12.8 வோல்ட் காட்டியது. "பேட்டரி நல்லா இருக்கு சார். வண்டியில சார்ஜ் ஏறுதான்னு பாருங்க" என்றார். கைகழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு பேட்டரியை வாங்கிவந்தேன்.

பேகம்பூர் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்வி கேட்டார்: "எக்ஸ்ட்ரா ஏதாச்சும் மாட்டியிருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன். சீட்டைத் தூக்கினார். பேட்டரி டெர்மினலிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் ஹேண்டில் பாருக்குப் போயின. நான் ஆன்லைனில் வாங்கி நானே மாட்டிய மொபைல் சார்ஜர். குடிப்பீர்களா என்று கேட்கும் டாக்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் பில்லோடு உட்கார்ந்திருப்பவன் போல நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 12 மில்லியாம்பியர். சார்ஜர் ஒயரை உருவியதும் 1 மில்லியாம்பியருக்கு இறங்கியது. "இது சில்லறைத் திருட்டு. மாசக்கணக்குல நிறுத்தி வச்சா காலி பண்ணும். ஒரு வாரத்துல பண்ணாது. வேற இருக்கு."

மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி டெர்மினலில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். 10.6-க்கு விழுந்து எழுந்தது. ஒன்பதரைக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகப்பட்டிருப்பாராம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னார். நல்ல வண்டியில் அப்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். என் வண்டி 12.6-ஐத் தாண்டவில்லை. நின்றிருந்தபோது இருந்ததைவிடக் குறைவு! அதாவது ஓடும் வண்டி பேட்டரிக்குக் கொடுக்கவில்லை, பேட்டரியிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை: சார்ஜ் ஏறவில்லை.

மேக்னெட் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர்கள் வருகின்றன. அவை கொண்டுவரும் ஏ.சி. கரன்ட்டை டி.சி.யாக மாற்றி, அளவோடு பேட்டரிக்கு அனுப்புவது ஆர்.ஆர். யூனிட். இரண்டுக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் கப்ளர். அதைக் கழற்றி, மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக அளந்தார். மூன்று ஜோடியிலும் ஒரே வோல்ட், காயில் நன்றாக இருக்கிறது. கப்ளரை என் கையில் கொடுத்தார். மூன்று பின்னில் ஒன்று கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகிவிட்டது. மற்ற இரண்டிலும் பச்சையாகக் களிம்பு.

"தண்ணி எப்படி அடிப்பீங்க?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரஷர் பம்பில் அடிப்பேன். சீட்டுக்குக் கீழே சேறு இருக்கக் கூடாது என்று சந்துபொந்தெல்லாம் விட்டு அடிப்பேன். தெருவில் என் வண்டிதான் பளிச்சென்று இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தத் தண்ணீர் கப்ளருக்குள் புகுந்து களிம்பு கட்டி, களிம்பு கரன்ட்டை மறித்து, மறித்த இடம் சூடாகிக் கருகியிருக்கிறது. மூன்று ஒயரும் போயிருந்தால் சீக்கிரமே தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் போனதால் சார்ஜ் அடியோடு நிற்காமல் குறைவாக வந்துகொண்டிருந்தது. ஏமாந்தது அதனால்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பேட்டரி 8 ஆம்பியர் அவர். 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. 35 வாட் பல்பு என்றால் அதுவே ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். வரவைவிடச் செலவு 1 ஆம்பியர்தான் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் எட்டே நாளில் பேட்டரி காலி, அதற்கு முன்பே செல்ஃபுக்கு மூச்சு வாங்கும். ஏழாம் நாள் நின்றதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரத்திலும் வண்டி 'திடீரென்று' நிற்கவில்லை. அதற்கு முந்தைய நாட்களிலேயே காலையில் செல்ஃப் கொஞ்சம் இழுத்துத்தான் எடுத்தது. பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்ளரும் பின்னும் 180 ரூபாய், கூலி 200. மொபைல் சார்ஜரை, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற ஒயருக்கு மாற்றிக் கொடுத்தார். மறுபடி முறுக்கியபோது மீட்டர் 14.2 காட்டியது.

அந்த உற்சாகத்தில் நானும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். முதல் நாளே, ஆம்பியரில் வைத்த மீட்டரை வோல்ட்டுக்கு மாற்ற மறந்து, நேராக பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்துவிட்டேன். பட்டென்று ஒரு பொறி, மீட்டரின் பியூஸ் போயிற்று. அதைச் சரிசெய்தபிறகு மாதம் ஒருமுறை ஓடும் வண்டியில் ஒரு நம்பர், நின்ற வண்டியில் ஒரு நம்பர் என்று காலண்டரில் குறித்துவைக்கிறேன். மொத்தம் இரண்டு நிமிட வேலை. பிரஷர் பம்ப் பரணில் கிடக்கிறது. வண்டிக்கு இப்போது வாளியும் துணியும்தான்.

அடுத்த வாரம் பேட்டரிக் கடைக்குப் போனேன். கருகிய கப்ளரைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டி, "தப்பு என்னோடது" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, தீப்பிடிக்கலை" என்றார். பழைய பேட்டரி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சார்ஜ் போட்டிருந்தால் அது இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கலாமோ என்ற உறுத்தல் எனக்கு. அது திங்கட்கிழமையே பழைய ஈயத்துக்கு எடைக்குப் போய்விட்டதாம்.