வெயில் ஏறிய நீர்

காய்ச்சல் விட்ட மறுநாள், அம்மா கிணற்று நீரை இறைத்து அண்டாவில் நிரப்பி முற்றத்து வெயிலில் வைப்பாள். "வெயில் ஏறின தண்ணியிலதான் தலைக்கு ஊத்திக்கணும்" என்பாள். ஹீட்டர் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று கடைசிவரை கேலி செய்துகொண்டிருந்தேன். வெயில் நீரைச் சூடாக்கும். அதற்குமேல் என்ன செய்துவிடும்?

அம்மா மறைந்த பிறகு, வேதியியல் துறை நண்பர் ஒரு கட்டுரையைக் கொடுத்தார். 1983இல் வில்லியம் கூப்பரும் ராட் ஸிக்காவும் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. நிலத்தடி நீரை வெயிலில் வைத்தால் அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறதாம். மக்கிய இலைகளிலிருந்து நீரில் கரைந்த கரிமப் பொருள் ஒளியை உறிஞ்சுகிறது. அதனால் நீரிலுள்ள ஆக்சிஜனுக்கு ஓர் எலக்ட்ரான் போய்ச்சேர, சூப்பராக்சைடு பிறக்கிறது. அதுவே பெராக்சைடாக மாறுகிறது. கடலின் மேற்பரப்பிலும் இதுவே நாள்தோறும் நிகழ்கிறது. பகலில் பெருகுவதை இரவில் நுண்ணுயிர்களின் நொதிகள் சிதைத்துவிடுகின்றன. நெய்தல் திணையை இத்தனை ஆண்டுகள் நடத்தியும், கடல்மேல் வெயில் படுவதை வெறும் காட்சியாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

'அம்மா அன்றே அறிந்திருந்தாள்' என்று எழுதக் கை பரபரத்தது. அது பொய். அப்படி உண்டாகும் பெராக்சைடு மிகச் சொற்பம். கிருமியைக் கொல்லப் போதாது. அவள் வேண்டியது கதகதப்பு ஒன்றைத்தான். ஆனால், வெறும் சூடுதானே என்று நான் சொன்னதும் பொய்தான். இதை அவளிடம் சொல்லியிருந்தால், "சரி, ஆறுறதுக்குள்ள குளிச்சிட்டு வா" என்றிருப்பாள்.