முருங்கன் வழியே தெல்லிப்பழைக்கு

முருங்கனில் பஸ்ஸை விட்டிறங்கி வயலுக்குள் நாலடி வைத்ததும் செருப்பு காலோடு வர மறுத்தது. கறுத்த களிமண். மாரியில் இப்படி ஒட்டும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த மண் ஒரு காலத்தில் ரயிலேறி காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறது. பக்கத்தில் கட்டுக்கரைக் குளம். அருவியாற்றுத் தண்ணீரை வாங்கி நிற்கும் அந்தப் பரப்பைக் குளம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கரை தெரியவில்லை.

சந்தித் தேநீர்க் கடையில் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன வேலை என்று கேட்டேன். "ஆசுப்பத்திரியில, அண்ணை. கான்சர்காரருக்குக் கரண்ட் பிடிக்கிற மிஷின்." லீவில் ஊருக்கு வந்திருக்கிறார்.

இங்கிருந்து அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பக்கம் என்றால் தெல்லிப்பழை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஜனங்கள் நடந்தே காசு திரட்டி எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை. முன்பு பலருக்கு மகரகம ஆசுப்பத்திரிதான் கதி. ஆனால் தெல்லிப்பழையும் நூறு கிலோமீட்டருக்கு மேலே. வாரம் ஐந்து நாள், சிலருக்கு ஆறேழு வாரம் வரை. தினம் போய்வர முடியாது. சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும்.

நடுவில் அம்மாள் வருத்தம், அதாவது சின்னம்மை, வந்தால்?

நான் சும்மாதான் கேட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அதுதான் அண்ணை பெரிய தலையிடி. நிப்பாட்டவும் ஏலாது, உள்ள விடவும் ஏலாது."

நிறுத்த முடியாததற்குக் காரணம் கட்டியின் குணம். வாய், தொண்டைப் புற்றில் சிகிச்சை தொடங்கி நாலு வாரமானதும் செத்தது போக மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அப்போது ஒரு நாள் தள்ளினாலும் கட்டி அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை குறைகிறது. வெற்றிலை போடும் இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவதும் வாய்ப்புற்றுதான். உள்ளே விடவும் முடியாது, வெளியே காத்திருப்பவர்களில் பலர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வற்றியவர்கள். அம்மையோ காற்றிலேயே பரவும்.

ஆசுப்பத்திரியில் அவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. அன்றைய ஆட்கள் எல்லோரும் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு கடைசி ஆளாகக் கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்துபோனவர்கள் யார் என்று பார்த்து அவர்களையே மிஷினில் நிறுத்துகிறார்கள். பிறகு கட்டிலைத் துடைத்து, அறையைக் காற்றாட விடுகிறார்கள். தடித்த கொங்கிரீட் சுவர், ஒரு ஜன்னல் கிடையாது, அதுவே சங்கடம். நோயாளிக்கு அசைக்ளோவிர் மருந்து ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் இவர்களுக்கு அம்மை நுரையீரல் வரை இறங்கிவிடலாம்.

கொரோனா வந்த 2020இல் கடைசி ஆளாகக் கூப்பிடும் இந்த முறை பல இடங்களில் கைகொடுத்தது. அதிலும் ஒரு சிக்கல். தலை அசையாமலிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்து, அதை மாட்டிக் கட்டிலோடு பூட்டுவார்கள். மூக்கு, உதடு எல்லாம் அப்படியே பதிந்த அச்சு. அதற்குள்ளே முகக்கவசம் நுழைந்தால் அளவு தவறிவிடும். ஆக, இருமலும் எச்சிலும் வலை மேலேதான். ஒவ்வொரு தடவையும் துடைத்து, பெயரெழுதிய தனிப் பையில் வைக்க வேண்டியிருந்தது. தவறிய நாட்களைச் சனிக்கிழமையிலோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறையோ ஈடுகட்டலாம்.

"தொற்றோட பஸ்ஸில வரேலாதே?" என்றேன்.

"வரேலாது. வார்டில தனி அறையில வைப்பினம். அறை இருந்தால்."

அந்த 'இருந்தால்' எனக்கு மிஷினைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. சொந்தக்காரர் வீட்டிலும் அம்மையோடு வருபவரை எத்தனை பேர் ஏற்பார்கள்?

மறுநாள் நான் தெல்லிப்பழைக்குப் போகும் அந்த வழியில் போனேன். விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், பூநகரி, பிறகு கடல்நீரேரிக்கு மேலே சங்குப்பிட்டிப் பாலம். அந்தப் பாலமே 2011இல்தான் திறந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நான் வாய்பிளந்தபோது, முன் சீட்டில் எக்ஸ்ரே உறையோடு இருந்த அம்மா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

மார்புப் புற்றுக்கு மூன்று வாரச் சிகிச்சைக்குப் பதில் ஐந்தே நாள் போதும் என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2020 ஏப்ரலில் வெளியாகி, தொற்றுக்காலத்தில் பல நாடுகளில் உடனே கையாளப்பட்டது. திங்கள் விடிய பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம் முருங்கனில் இறங்கிவிடலாமே என்று முதல்நாள் தேநீர்க் கடையில் அந்த மிஷின்காரரிடம் கணக்குப் போட்டிருந்தேன்.

"சிலருக்குச் சரிவரும், அண்ணை. வாயில கட்டியெண்டா ஏழு கிழமைதான்."