ஊசித் துளைக்குள் ஓர் ஊரின் பிழைப்பு... பித்தளை நகரம் ஜாம்நகருக்கு ஒரு விசிட்!

கேஸ் அடுப்பு நீல நிறத்தில் எரிகிறதா? அதற்குக் காரணம், பர்னருக்கு அடியில் ஒளிந்திருக்கும் 'ஜெட்' என்ற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒரு துளை. எவ்வளவு கேஸ் வர வேண்டும் என்று அளந்து விடுவது அந்தத் துளைதான். அடைத்துக்கொண்டால் ஊசியை விட்டுக் குத்துவது பல வீடுகளில் வழக்கம். பித்தளை மென்மையானது, ஊசி குத்தினால் துளை அகலமாகிவிடும். பிறகு தீ மஞ்சளாக எரியும், பாத்திரம் கரி பிடிக்கும்.

பிளக் பின், சைக்கிள் டியூப் வால்வு, குழாயின் உள்பாகம் என வீடெங்கும் இதுபோன்ற பித்தளைச் சாமான்கள் உண்டு. இவை பெருமளவில் தயாராகும் ஊர், குஜராத்தின் ஜாம்நகர். 'பித்தளை நகரம்' என்றே அதற்குப் பட்டப்பெயர்.

நெல்லையிலிருந்து நேரடி ரயில்!

கட்ச் வளைகுடாவின் தென்கரையில் இருக்கிறது ஜாம்நகர். 1540-ல் ஜாம் ராவல் நிறுவியபோது இதன் பெயர் நவாநகர். ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி இந்த ஊரை ஆண்ட மன்னர்தான். திருநெல்வேலியிலிருந்து கேரளா, கொங்கண் வழியாக ஜாம்நகருக்கு நேரடி ரயிலே இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம்.

ஊருக்கு நடுவே பெரிய ஏரி, ஏரிக்குள் லகோட்டா கோட்டை. கரையோரம் பால ஹனுமான் கோயில். 1964 ஆகஸ்ட் 1 முதல் அங்கே ராம நாமம் இரவு பகலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. கடைத்தெருவில் பாந்தினிச் சேலை, குங்குமம், கண் மை, பாக்குவெட்டி எல்லாம் பிரசித்தம். முந்திரி, திராட்சை வைத்த காரக் கச்சோரி, வீட்டுக்கு வாங்கிப்போகத் தோதான பலகாரம்.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இத்தோடு துவாரகைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஊரின் பிழைப்பு நடப்பது சங்கர் டேக்ரி, தரேட் போன்ற தொழிற்பேட்டைகளில். அங்கே ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள். பல பட்டறைகளை ஒரு குடும்பமும் நாலைந்து தொழிலாளிகளுமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள்.

'தேன்' என்றால் பழைய பித்தளை

எல்லாம் பழைய சாமானில்தான் ஆரம்பிக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து உடைந்த குழாய்களும் வால்வுகளும் கப்பலில் வந்து இறங்குகின்றன. மஞ்சள் பித்தளைக் கழிவுக்குச் சர்வதேசச் சந்தையில் 'ஹனி' என்று பெயர். ஆமாம், தேன்தான்!

அதைத் தரம் பிரித்து, உருக்கி, நீளக் கம்பிகளாக இழுக்கிறார்கள். கம்பி லேத்துக்குப் போகிறது. அங்கே கடைந்து, மரை போட்டு, துளையிட்டு, துண்டாக நறுக்குகிறார்கள். பிறகு பிசிறு நீக்கி, முலாம் பூசி, எண்ணிப் பெட்டியில் போடுகிறார்கள். தரையில் தங்கப்பொடி மாதிரி கிடக்கும் பித்தளைத் தூளையும் கூட்டி அள்ளி மறுபடி உலைக்கே அனுப்புகிறார்கள். சிந்தும் தூளும் இங்கே காசுதான்.

மென்மை என்றால் சுலபமா?

இரும்பைத் துளைப்பதுதான் கஷ்டம், செம்பும் அலுமினியமும் வெண்ணெய் மாதிரி போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அகலமான, ஆழமில்லாத துளைக்கு அது ஓரளவு சரி. ஆனால் மெல்லிய துளை ஆழமாக வேண்டும் என்றால் கதையே மாறிவிடும்.

துளையின் அகலத்தைப்போல ஐந்து மடங்கு ஆழம் தாண்டினாலே சிக்கல் தொடங்கும். 2 மி.மீ துளை 20 மி.மீ ஆழம் போக வேண்டுமானால், அது பத்து மடங்கு. வெட்டுப்பட்ட உலோகம் வெளியே வர ஒரே வழி, டிரில் பிட்டைச் சுற்றி ஓடும் பள்ளம்தான். சுத்தமான செம்பு பொடியாக உடையாது. சேமியா மாதிரி நீளமாகச் சுருண்டு பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அலுமினியமோ சூட்டில் பிட்டின் முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த நொடி பிட் முறிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். பிட்டும் போச்சு, சாமானும் போச்சு!

இதற்கு உலகமெங்கும் பட்டறைக்காரர்கள் கையாளும் வழி, மரங்கொத்தி வழி. கொஞ்சம் துளைத்ததும் பிட்டை வெளியே எடுப்பார்கள். தூளை உதறிவிட்டு, எண்ணெய் காட்டி, மறுபடி உள்ளே விடுவார்கள். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு கொத்தும் சிறிதாகும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுவது பழைய பட்டறைப் பழக்கம்.

வேகத்திலும் ஒரு விசித்திரம். 1 மி.மீ பிட் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினாலும், அதன் ஓரம் அந்த நிமிடத்தில் கடக்கும் தூரம் சுமார் 31 மீட்டர்தான். மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு! அதனால் பிட் மெலிய மெலிய வேகத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். துளை கோணாமல் இருக்க லேத்தில் இன்னொரு உபாயம் உண்டு. பிட் அசையாமல் நிற்கும், கம்பிதான் சுற்றும்.

ஈயம் செய்யும் உபகாரம்... உபத்திரவம்!

ஜாம்நகரின் பித்தளை மட்டும் ஏன் இவ்வளவு சமர்த்தாகத் துளைபடுகிறது? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. லேத் வேலைக்கான பித்தளையில் கூடவே 2 முதல் 3 சதவிகிதம் ஈயம் சேர்ப்பார்கள். ஈயம் மற்ற இரண்டோடும் கரையாமல் பொட்டுப் பொட்டாகத் தனித்து நிற்கும். வெட்டும்போது அந்த இடங்களில் உலோகம் உடைந்து பொடியாக உதிரும். ஈயமே எண்ணெய் போலவும் வழுக்கிக் கொடுக்கும். பிட் அடைத்துக்கொள்வதில்லை, அதிகம் உடைவதில்லை, வேலையும் வேகமாக முடிகிறது. மலிவு விலை பிளக் பின்னுக்குப் பின்னால் இருப்பது இந்த 3 சதவிகிதம்தான்.

ஆனால் ஈயம் விஷம். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். பிளக் பின்னில் இருக்கும் ஈயத்தை யாரும் குடிக்கப்போவதில்லை. குடிநீர்க் குழாயில் இருந்தால்? அதனால்தான் அமெரிக்காவில் 2014 ஜனவரியிலிருந்து, குடிநீர் படும் குழாய் பாகங்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். இங்கே இன்னொருவரும் இருக்கிறார். உலையடியில் புகைக்கு நடுவே நிற்கும் தொழிலாளி. குழாயில் தண்ணீர் பிடிப்பவருக்கு முன்பே ஈயத்தை எதிர்கொள்பவர் அவர்தான்.

ஈயத்தை எடுத்துவிட்டால் என்ன? பித்தளை செம்பு மாதிரி அடம்பிடிக்கத் தொடங்கும். தூள் நீளும், பிட் முறியும், ஒரு துளைக்கு ஆகும் நேரம் கூடும். அதற்குப் பதில் பிஸ்மத் அல்லது சிலிக்கான் சேர்த்த பித்தளை வந்திருக்கிறது. ஆனால் பிஸ்மத் உள்ள தூள் சாதாரணப் பித்தளையோடு கலந்து உருகினால், அந்தக் கம்பி விரிசல் விடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி அள்ளி உருக்கும் ஊருக்கு இது பெரிய சோதனை. தூளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கூடுதல் அழுத்தத்தில் எண்ணெய் பாய்ச்சும் இயந்திரம் வாங்க வேண்டும். பெரிய ஆலைக்கு அது முடியும். நாலு லேத் வைத்திருக்கும் குடும்பத்துக்கு?

ஒரு துளைக்கு ஒரு நொடி கூடினாலும், லட்சம் துளைக்கு 27 மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும். துளைக்குப் பைசாக் கணக்கில் கூலி வாங்குபவர் அந்தச் செலவைத் தனியாகச் சுமக்க முடியாது. ஈயமில்லாத குழாய் வேண்டும் என்று கேட்பவர்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரவும் தயாராக வேண்டும்.

போகிறவர்களுக்கு...

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஜாம்நகர் செல்ல ஏற்ற காலம். பக்கத்திலேயே கிஜடியா பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நன்னீரும் உப்புநீரும் அருகருகே இருக்கும் அபூர்வ இடம். வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய பித்தளைக் குழாயில் இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். முதலில் வருவதைப் பாத்திரம் கழுவவோ செடிக்கு ஊற்றவோ வைத்துக்கொண்டு, அடுத்து வருவதைக் குடத்தில் பிடியுங்கள்!