சத்திரத்துக் கதவும் சாப்பாட்டுப் பந்தியும்

நாம் பிறந்தது இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். படிப்பதற்காக வெளியூர் சென்று, தங்க இடம் தேடி ஒரு வீட்டு வாயிலில் நின்றோம். பெயரைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை, "என்ன சாதி?" என்றார்கள். சொன்னோம். கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கதவோசை காதைவிட்டு அகலாததால்தானோ என்னவோ, ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் கதை நம் நெஞ்சில் தைத்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி, தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை அது. பிற்காலத்தில் அங்கே மாணவர் விடுதி நடந்தது. எந்த மாணவர்க்கு? பார்ப்பன மாணவர்க்கு மட்டுமே! ஊரார் உழைப்பில் விளைந்த நெல் உள்ளே சென்றது. உழைத்தவன் பிள்ளை வெளியே நின்றான். தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக வந்த ஏ.டி. பன்னீர்செல்வம், அவ்விடுதியை மற்ற வகுப்பினர்க்கும் திறந்துவிட்டார். அவர் புதுக் கட்டடம் எழுப்பவில்லை. பழைய தடையைத்தான் இடித்தார். 1940 மார்ச் 1 அன்று, இலண்டனுக்குப் புறப்பட்ட அவரை ஏற்றிச் சென்ற 'ஹானிபல்' விமானம் ஓமான் கடற்பகுதியில் மறைந்தது. அவர் திறந்த கதவு மறையவில்லை.

ஆனால், ஒரு கூரை மட்டும் போதுமா? அதே 1920களில்தான் சேரன்மாதேவி குருகுலமும் நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்பி, 5,000 கொடுத்திருந்தது. பொதுமக்கள் பணம், ஆயினும் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி! தங்குமிடம் ஒன்று, உண்ணுமிடம் வேறு! கொதித்தெழுந்தார் ஈரோட்டுப் பெரியார். உடன் எழுந்தார் நம் இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராசுலு நாயுடு.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் எண்ணியிருந்தோம், சென்ற ஆண்டு வரை. நம் வீட்டு மாடியில் தங்க, கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். நம் அத்தை கேட்டார்: "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?"

அந்தப் பழைய கதவோசை மீண்டும் கேட்டது. இம்முறை, கதவு நம்முடையது!

"அத்தை, அந்தக் கேள்வி இந்த வீட்டில் வேண்டாம்" என்றோம். அன்றிரவு அம்மாணவரை அத்தைக்கு அருகில் இலைபோட்டு அமர்த்தினோம். அத்தை முகம் சுருங்கியது. ஆனால், எழுந்து போகவில்லை. சற்று நேரங்கழித்து, "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா தம்பி?" என்றார்.

தோழர்களே! மன்னர் சத்திரத்தைத் திறக்க ஒரு பன்னீர்செல்வம் வந்தார். நம் வீட்டுக் கதவைத் திறக்க வேறு யார் வருவார்?