ஐந்து துளைகள்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

துப்பாக்கியைப் பற்றி ஒரு பெண் எழுதுவதா என்று தோழியர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஊட்டிப் பயணக் கட்டுரை எழுதவும், வரதட்சணையைச் சாடவும் நம் வகுப்பிலேயே பலர் இருக்கின்றனர். தேசிய மாணவர் படையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டாகக் காக்கி உடுத்தி வருகின்றவள் தனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்?

துப்பாக்கி என்றதும் நம் எல்லோர் நினைவுக்கும் வருவது திரைப்படம். கதாநாயகன் ஓடிக்கொண்டே ஒரு கையால் சுடுவான். எதிரில் பத்துப் பேர் விழுவார்கள். தோட்டா மட்டும் தீராது. ஆங்கிலப் படமானால் இன்னொரு வித்தையும் உண்டு. குழலுக்கு அடியிலுள்ள கட்டையை இடக்கையால் சரக்கென்று பின்னுக்கு இழுத்து, மீண்டும் முன்னுக்குத் தள்ளிவிட்டுச் சுடுவார்கள். இதற்குப் பம்ப் ஆக்ஷன் என்று பெயர். தாடிக்கொம்பில் பம்ப் என்றால் சைக்கிளுக்குக் காற்றடிப்பது. இல்லையேல் தெருமுனை அடிகுழாய். அந்தத் துப்பாக்கியோ காற்றில் சுடுவதன்று. கட்டையைப் பின்னுக்கு இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. முன்னுக்குத் தள்ளும்போது புதிய தோட்டா குழலுக்குள் ஏறிப் பின்வாய் பூட்டிக்கொள்கிறது. வலக்கை விசையை விட்டு நகர வேண்டியதில்லை. கண்ணும் குறியை விட்டு விலக வேண்டியதில்லை. அதன் சிறப்பெல்லாம் இதுதான்.

வின்செஸ்டர் நிறுவனம் 1890-இல் இவ்வகைச் சிறு துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. அமெரிக்கத் திருவிழாக்களில் காசு கொடுத்துக் குறி சுடும் கடைகளில் அது வெகுகாலம் புழங்கியது. நம் பெருமாள் கோயில் திருவிழாவின் பலூன் சுடும் கடைக்கு அதை அக்கரைப் பங்காளி எனலாம். பெரிய விலங்குகளை வேட்டையாட ரெமிங்டன் நிறுவனம் 1952-இல் 760 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. அடர்ந்த காட்டில் மான் ஓடும்போது இரண்டாவது குண்டை விரைந்து அனுப்பலாம் என்பதே அதை வாங்கியோர் கண்ட நயம்.

குறி தவறாமையில் இத்துப்பாக்கி எப்படி? நம் படையில் தரும் போல்ட் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அழுத்த வேண்டும், நேரம் பிடிக்கும். ஆனால் அதன் மரக்கட்டை ஒரே துண்டு. குழல் அதில் அசையாது அமர்ந்திருக்கும். பம்ப் வகையில் கட்டை இரு துண்டு. முன்துண்டு ஓடியாடும் பொருள். ஓடுகின்ற எதிலும் சிறிது ஆட்டம் இருந்தே தீரும். அந்த ஆட்டத்தோடு பிடிக்கும் கையின் அழுத்தமும் சேர்ந்தால் குண்டு விழும் இடம் சற்றே மாறும். இக்குறையைக் குறைக்கத்தான் 760-இல் போல்ட்டின் தலை திரும்பி, குழலின் பின்முனையோடு பல் பல்லாகப் பூட்டிக்கொள்ளுமாறு அமைத்தார்கள். பின்வாய் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பூட்டினால்தான் குண்டும் ஒரே விதமாகப் புறப்படும். திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன!

பம்ப் வகையைக் கையாள்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. சுட்டவுடன் இழுத்துத் தள்ளுவது கைப்பழக்கமாகி விடுகிறது. சுட்டாயிற்று, முடிந்தது என்று மனம் நினைக்கும். உள்ளே அடுத்த தோட்டா ஏறி நிற்கும். குழலுக்கு அடியில் நீளவாக்கில் தோட்டாக்களை அடுக்கும் வகையில் இன்னொரு தொல்லை. ஒரு குண்டின் நுனி அதற்கு முன்னுள்ள தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்நுனிக் குண்டாயிருந்து அதிர்ச்சியும் பட்டால் உள்ளேயே வெடிக்கலாம். ஆதலால் அவற்றுக்கு மொட்டை நுனிக் குண்டுகளே ஏற்றவை. இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இரண்டாவது தோட்டா நொடியில் வரும் என்று அறிந்தவன் முதல் தோட்டாவில் எவ்வளவு கவனம் வைப்பான்?

நமக்குக் கிடைப்பதோ ஐந்தே தோட்டா. 22 துப்பாக்கி, இருபத்தைந்து மீட்டர், படுத்த நிலை. பெண்களுக்கான பிரிவு 1949-இல் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ அக்காமார் இப்படிப் புழுதியில் முழங்கை தேயப் படுத்திருப்பார்கள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, விசையைப் பிழிய வேண்டும்; சுண்டக் கூடாது. எங்கள் ஹவில்தார், எலுமிச்சம்பழத்தில் கடைசிச் சொட்டைப் பிழிவது போல என்பார்.

அன்று மாலை விடுதித் தோழியின் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர் அளவில். இருபத்தைந்து மீட்டரைக் கடக்க நொடியில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடுகிறது. குழலுக்குள் திருகுபோல் வெட்டிய வரிகள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், குண்டு நொடிக்கு எண்ணூறு சுற்றுக்கு மேல் சுழன்றபடி வெளிவரும். பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் அதுவும் தலை குப்புறாமல் போகிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் அரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் அட்டையில் ஐந்து சென்டிமீட்டர் விலகும். வடிவொத்த முக்கோணம், பள்ளிக் கணக்கு!

என் அட்டையில் ஐந்து துளைகளும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. ஆனால் நடுவட்டத்துக்கு இடப்புறம் கீழே. பக்கத்துத் தோழியின் துளை ஒன்று நட்டநடுவில், மற்றவை திசைக்கொன்று. அவளைச் சுற்றி ஒரே ஆரவாரம். ஹவில்தார் என் அட்டையை எடுத்து, "இது சுடத் தெரிந்த கை. துப்பாக்கியின் குறியைத் திருத்திக் கொடுத்தால் போதும்" என்றார். நம் ஆய்வகத்தில் வெர்னியரை ஐந்து முறை வைத்து ஐந்து அளவு எடுக்கச் சொல்வதும் இதனால்தான். ஐந்தும் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால், மீதி வேலை சுழிப்பிழையைக் கழிப்பது மட்டுமே. பலூன் கடைத் துப்பாக்கியையும் இதே முறையில் வென்றுவிடலாம். முதல் இரண்டு குண்டு எங்கே போகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறி வைத்தால் பலூன் உடையும். சென்ற திருவிழாவில் நான் ஏழு உடைத்ததும் கடைக்காரர், "போதும் தாயி" என்று துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டார்!

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான். அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். முப்பது ஆண்டுகளாக லீவர் தேய்க்கிறார். அவருக்கு நியூட்டன் விதி தெரியாது. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தூரத்திலிருந்த இரு துளைகளுக்கு இடையே கட்டைவிரல் நகத்தை வைத்து, "நாற்பது மில்லி இருக்கும்" என்றார். அடிக்கோல் நாற்பத்தொன்று காட்டியது. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதைச் சுட்டுத்தான் என்று சொன்னேன். அவர் வியக்கவில்லை. "அரை மில்லி தப்பினால் எங்கள் சாவியும் திரும்பாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்த அளவுக்கு வேலை வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் வேலை என்றால் அது நல்ல வாரம்.

அப்படி வேலையில்லாத ஒரு வாரத்தில்தான் சிறுமலை அடிவாரத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் வந்தார். மடியிலிருந்து துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு நாட்டுத் துப்பாக்கியின் குதிரையும், ஒடிந்த வில்லும். பன்றி கடலையையெல்லாம் தோண்டித் தின்றுவிடுகிறதாம்.

"மச்சான், உங்க கைக்கு இது அரை நாள் வேலை. மூவாயிரம் தர்றேன்" என்றார்.

தேர்வுக் கட்டணம் கட்ட அந்த வாரமே கடைசி நாள். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்; நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குதிரையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார். வேலை செய்யக்கூடியது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

நான் குறுக்கே பேசினேன். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமன்று, உரிமம் இல்லாதவர் அதைப் பழுது பார்ப்பதும் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றேன். மாமா சிரித்தார். "காட்டுக்குள்ள யாரும்மா பார்க்கப் போறா?" பிறகு குழலைப் பற்றிக் கேட்டேன். தண்ணீர்க் குழாயில் செய்ததாம். மருந்தின் அளவு கைக்கணக்காம். உள்ளே வரி கிடையாது. குண்டு எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. அடிபட்ட பன்றி மூன்று நாள் புதரில் கிடந்து சாகும். அழுத்தம் மிகுந்தால் குழல் வெடித்து முகத்துக்கு நேரே வரும் என்று, ஹவில்தார் எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அப்பா குதிரையைத் துணியில் வைத்து மடித்தார். "மாப்பிள்ளை, நான் செய்யும் பூட்டு கெட்டுப்போனால் திருப்பிக் கொண்டுவந்து திட்டுவார்கள். இது கெட்டுப்போனால் நீங்கள் வரமாட்டீர்கள். எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். மாமா காப்பி குடிக்காமலேயே போய்விட்டார். அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. கட்டணத்துக்கு அம்மாவின் மூக்குத்தி அடகுக் கடைக்குப் போனது. அவளுடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மாமாவின் துயரும் பொய்யன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் விலங்குகள் பிழைத்தன, அது நன்றே. ஆனால் அடிவாரத்தில் கடலை போட்டவனுக்கு இரவில் உறக்கம் இல்லை. 2025-இல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று வழி வகுத்தது. மாமாவின் நிலமோ காட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே சுடுவதற்கு இடமில்லை. அவருக்காக, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். சர்வே எண், சேதமான சென்ட் கணக்கு, நிழற்படம் எல்லாம் வைத்து. முதலில் வாங்க மறுத்தவர், அம்மா எடுத்துப்போனபோது வாங்கிக்கொண்டாராம். பதில் இன்னும் வரவில்லை. வேலிக்குப் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறார். அதில் என் பள்ளிப் பாவாடை ஒன்றும் ஆடுவதாக அம்மா சொல்கிறாள்.

எனக்கு வரும் மாதம் முகாம். இம்முறை ஆளுக்குப் பத்துத் தோட்டா தருவார்கள் என்று பேச்சு. அட்டையைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அப்பா. அடிக்கோலை மட்டும் முன்கூட்டியே காட்டக் கூடாதாம்.