தோழிக்கு வாங்கிய விளையாட்டுகள்

(ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் நால்வர்)

விளையாட்டு என்றதும் எறிபந்தோ வளையப்பந்தோ என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் சொல்ல வருவது, படுக்கையில் படுத்தபடியே உள்ளங்கையில் வைத்து ஆடும் விளையாட்டைப் பற்றி. ‘பரீட்சை நேரத்தில் இது ஒன்றுதான் குறைச்சல்’ என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் சற்றே பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம்.

2024 செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை ஆயிற்று. இனி எழுந்து நடக்க நான்கு மாதமாகும் என்று மருத்துவர் கூறிவிட்டார். எங்கள் தூத்துக்குடியில் கடற்கரையோரச் சின்ன வீடு அவளுடையது. அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி அவரோடு போய்விடும். அம்மா மீன் விற்கக் கிளம்பிய பின், பகல் முழுவதும் ஆச்சியும் அவளும் மட்டுமே. முதல் வாரம் நாங்கள் போனபோது சிரித்தாள். மூன்றாம் வாரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, “பாடம் எவ்வளவு தூரம் போயிருக்கு?” என்று மட்டும் கேட்டாள். நாங்கள் பதில் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தவர், தாம் முன்பு பயன்படுத்திய கருவி ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நின்டெண்டோ டி.எஸ். லைட் என்பது அதன் பெயர். 2006-இல் வந்த மாதிரி. புத்தகம் போலத் திறந்து மூடலாம். திறந்தால் மேலொரு திரை, கீழொரு திரை. கீழ்த்திரையில் சின்னக் குச்சியால் தொட்டு எழுதலாம். நடுவில் ஒலிவாங்கியும் உண்டு. இக்குடும்பத்துக் கருவிகள் உலகில் 15 கோடிக்கு மேல் விற்றனவாம். இதைச் செய்த நிறுவனமோ 1889-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கியது என்று படித்தபோது, எங்கள் ஆச்சிமார் அதற்கும் முகம் சுளிப்பார்களே என்று சிரித்தோம். கருவி வந்தது, சார்ஜர் வந்தது, ஆனால் உள்ளே போடும் விளையாட்டு ஒன்றுகூட வரவில்லை. மாமா மறந்துவிட்டார்.

பள்ளிச் சந்தையில் எங்கள் வகுப்புச் சுண்டல் கடையின் லாபம் 2,150 ரூபாய் இருந்தது. அதைக் கேட்டுத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் போனோம். வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். (அதன் பொருள் இப்பள்ளி மாணவியர் அனைவருக்கும் தெரியும்.) “எதை வாங்கப் போகிறீர்கள், ஏன் வாங்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். நாங்கள் வாசலைத் தாண்டுமுன் இன்னொன்றும் கேட்டார்: “அவளுக்கு எது பிடிக்கும் என்று அவளைக் கேட்டீர்களா?”

“கேட்கிறோம் சிஸ்டர்” என்றோம். கேட்கவில்லை. திடீரென்று கொண்டுபோய்க் கொடுத்து அவளைத் திகைக்கவைக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு.

ஒரு வாரம் மதிய இடைவேளை முழுவதும் நூலகத்தில் கழிந்தது. எங்களில் ஒருத்தி டெட்ரிஸ் என்றாள். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் என்பவர் 1984-இல் உருவாக்கி, 1989-இல் கேம்பாய் கருவியோடு பல நாடுகளுக்கும் போன விளையாட்டு அது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஆனால் அதில் எவ்வளவு கெட்டிக்காரி ஆனாலும் கடைசியில் கட்டைகள் குவிந்து தோற்பதுதான் வழக்கம். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பழைய நின்டெண்டோ வீட்டுக் கருவியில் ஆடி ஆடி, விளையாட்டே செயலிழந்து நிற்கும் வரை போனானாம். அது அவன் பாடு. ஒரு நாளைக்கு நாற்பது முறை தோற்கும் விளையாட்டு படுத்திருப்பவளுக்கு வேண்டாம் என்று தள்ளினோம். வழக்கறிஞராக வாதாடும் விளையாட்டு ஒன்றும் இருந்தது. அது ஏறக்குறைய முழுவதும் ஆங்கில வாசிப்பு என்பதால் அதையும் விட்டோம். அந்த அளவுக்கு எங்களுக்கு அறிவிருந்தது. அதற்கு மேல் இல்லை.

ஏனெனில் நாங்கள் தேர்ந்தெடுத்தது பேராசிரியர் லேட்டன் வரிசையின் முதல் விளையாட்டு. ஜப்பானில் 2007-இல் வந்தது. ஒரு விந்தைக் கிராமத்துக்கு ஒரு பேராசிரியரும் அவருடைய சிறு சீடனும் போகிறார்கள். ஊரில் யாரைக் கண்டாலும் வழி சொல்வதற்கு முன் ஒரு புதிர் போடுகிறார்கள்! நூற்றுக்கு மேற்பட்ட புதிர்கள். அவற்றுக்குப் பொறுப்பேற்ற அகிரா தாகோ என்பவர் உளவியல் பேராசிரியர். 1966 முதல் புதிர் நூல்கள் வெளியிட்டு ஜப்பானில் பெரும்புகழ் பெற்றவர். மூன்று ஓநாய்களையும் மூன்று கோழிக்குஞ்சுகளையும் தெப்பத்தில் ஆற்றைக் கடக்க வைக்கும் புதிர் அதில் உண்டு. தெப்பத்தில் இரண்டுக்குத்தான் இடம், எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் கூடுதலாகிவிடக்கூடாது. நம் புலி, ஆடு, புல்லுக்கட்டின் தங்கைதானே இது! காகிதத்தில் போட்டுப் பார்த்துப் பதினொரு முறை கடந்தால் போதும் என்று கண்டுபிடித்தபோது, நூலகத்தில் நாங்கள் போட்ட கூச்சலுக்காக நால்வரும் வெளியே அனுப்பப்பட்டோம். இதைவிட நல்ல விளையாட்டு உண்டா என்று எழுதி, சிஸ்டர் அவர்களின் கையொப்பம் பெற்றோம். எங்களில் ஒருத்தியின் அண்ணன் சென்னையில் படிக்கிறார். அவர் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து அனுப்பினார்.

கொடுத்த அன்று அவள் முகம் மலர்ந்தது உண்மை. அடுத்த சனிக்கிழமை, “எப்படிடி இருக்கு?” என்றோம். “நல்லாயிருக்கு” என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் “நல்லாயிருக்கு” என்றாள். மூன்றாவது வாரம் அவள் தூங்கும்போது கருவியைத் திறந்து பார்த்தோம். அவ்விளையாட்டில் குறிப்பு நாணயம் என்று ஒன்று உண்டு. படத்தில் இங்குமங்கும் தொட்டுத் தேடிச் சேர்க்க வேண்டும். புதிர் தெரியாதபோது ஒரு நாணயம் கொடுத்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். அவளிடம் ஒரு நாணயம்கூட மிச்சமில்லை. ஒன்பதாவது புதிரிலேயே நின்றிருந்தாள்.

அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். “கணக்கு தெரியாமலில்லை. அவன் என்ன கேக்குறான்னே புரியலை. ஒரு வார்த்தையில ஏமாத்திடறான். காலில போட்ட கட்டை மூளையிலயும் போட்டுட்டாங்க போல” என்றாள்.

நாங்கள் ஐவரும் தமிழ்வழியில் பயில்கிறவர்கள்தாம். ஆனால் நாங்கள் நால்வர் சேர்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்தி விட்டதை மற்றவள் பிடித்துப் படித்த புதிர்கள் அவை. அவளுக்கு அகராதியும் இல்லை, நாங்களும் இல்லை. எங்களுக்குப் பிடித்ததை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வாராவாரம் போய் நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அன்று வீடு திரும்பும் வழியில் நால்வரும் பேசவில்லை. திங்களன்று சிஸ்டர் அவர்களிடம் உண்மையைச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். “இப்போது கேளுங்கள்” என்றார், அவ்வளவே.

கேட்டோம். அவள் நெடுநேரம் யோசித்துச் சொன்னாள்: “படிக்க வேண்டாம். கணக்கு மாதிரி இருக்கணும். இல்லன்னா வெளியில எங்கயாவது போற மாதிரி இருக்கணும்.”

கணக்குக்குக் கிடைத்தது பிக்ராஸ் டி.எஸ். கட்டம் போட்ட பலகை, ஓரங்களில் எண்கள். ஒரு வரிசைக்கு எதிரே 3, 2 என்றிருந்தால், அதில் எங்கோ அடுத்தடுத்து மூன்று கட்டங்களும், இடைவெளி விட்டு இரண்டு கட்டங்களும் கறுப்பாக வேண்டும். குறுக்கிலும் நெடுக்கிலும் எல்லா எண்களும் ஒத்துவந்தால் ஒரு படம் தோன்றும். ஊகத்துக்கு இடமே இல்லை என்பதுதான் இதன் அழகு. பத்துக் கட்ட வரிசையில் 8 என்றிருந்தால் எங்கே தொடங்குவது? எட்டையும் இடப்பக்கம் ஒட்டி வைத்துப் பாருங்கள், பிறகு வலப்பக்கம் ஒட்டி வையுங்கள். நடுவிலுள்ள ஆறு கட்டங்கள் இரண்டிலும் கறுப்பு. அவற்றை அஞ்சாமல் நிரப்பலாம்! இத்தகைய புதிர் 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானில் பிறந்தது. இதை நாங்கள் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். நவம்பர் மழையில் மின்சாரம் போன மாலையொன்றில், இருட்டில் அந்தத் திரையின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ, “இது மீன், பாருங்கடி, வால் வந்துடுச்சு” என்று அவள் கத்தியதை நாங்கள் மறக்கமாட்டோம்.

இடையில் ஓர் ஏமாற்றம். டி.எஸ். லைட்டின் கீழ்ப்புறத் துளையில் பழைய கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளையும் போடலாம் என்றறிந்து, மலிவாகக் கிடைத்ததே என்று ஒன்றை வாங்கினோம். அணைத்து ஏற்றினால் ஆடியதெல்லாம் மறந்துபோயிற்று. போலிச் சரக்கு! பழைய விளையாட்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே சிறிது ஆடி, சேமித்து, அணைத்து, மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சுண்டலில் 400 ரூபாய் அப்படிப் போயிற்று.

‘வெளியில் போகிற மாதிரி’ விளையாட்டுக்கு மிச்சப் பணம் போதாமல் எங்கள் கைக்காசையும் போட்டோம். 2007-இல் வெளிவந்த ‘செல்டா: ஃபாண்டம் அவர்கிளாஸ்’. ஒரு சிறுவன் தன் தோழியைத் தேடித் தீவு தீவாகக் கப்பலில் போகிறான். கடல் வரைபடத்தில் குச்சியால் கோடு இழுத்தால் கப்பல் அந்தக் கோட்டில் போகும். கடலோர வீட்டுப் பெண் சும்மா இருப்பாளா? “இந்த வேகத்துல இப்படித் திருப்பினா வள்ளம் கவிழ்ந்திடும். இவனுக்குக் கடல் தெரியலை” என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே ஆடினாள். மெழுகுவத்தியை அணைக்க ஒலிவாங்கியில் ஊத வேண்டும். ஒரு கடைக்காரரிடம் ஒரு சாமானின் விலையைக் குறைக்க உரக்கக் கத்த வேண்டும். அவள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாளோ என்று ஓடிவந்தார்களாம்.

இதிலும் ஆங்கிலம் உண்டு. ஆனால் வரைபடத்தின்மேல் நம் கையாலேயே குறிப்பு எழுதிக்கொள்ளலாம். எழுத்தை அந்தக் கருவி படிப்பதில்லை, கிறுக்கலாக அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே ஜப்பானியர் செய்து ஆங்கிலத்தில் வந்த அந்தக் கடல் முழுவதும் எங்கள் தோழியின் தமிழ்: ‘இங்கே பூதம்’, ‘சாவி இடப்பக்கம்’, ‘ஆச்சி தூங்கினபின் வரவும்’.

ஒரு கோயிலுக்குள் ஆறு நாள் அகப்பட்டுக்கொண்டாள். மேல்திரையில் ஒரு சின்னம், கீழ்த்திரையில் வரைபடம். சின்னத்தை வரைபடத்தில் அழுத்திப் பதி என்கிறது விளையாட்டு. தொட்டாள், தேய்த்தாள், ஊதினாள், கத்தினாள். நாங்களும் முயன்று தோற்றோம். ஆறாம் நாள் இரவு ஆச்சி வந்து, “போதும் மக்கா, கண்ணு கெட்டுரும், தூங்கு” என்று கருவியைப் பட்டென்று மூடிவிட்டார். இவள் அழாத குறையாகத் திறந்து பார்த்தால், சின்னம் வரைபடத்தில் பதிந்திருக்கிறது! மேல்திரையைக் கீழ்த்திரைமேல் மடித்து மூடுவதுதான் விடை. வீடியோ கேமை ஜென்மப் பகையாகக் கருதும் ஆச்சி, அன்றிலிருந்து “நான்தான் அதை முடிச்சேன்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவருகிறார்.

அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. 2025 சனவரியில் ஊன்றுகோலுடன் வகுப்புக்கு வந்தபோது மிகவும் இளைத்திருந்தாள். கணக்கில் இரண்டு பாடங்களைத் தானாகவே முடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கண்டு ஆசிரியையைவிட நாங்களே அதிகம் வியந்தோம்.

லேட்டன் விளையாட்டை விற்றுவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தோம். சென்ற மாதம் அவளே அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் அகராதியையும் சேர்த்துத்தான். இப்போது நாற்பதாவது புதிரில் இருக்கிறாள். ஒரு நாணயம்கூடச் செலவழிக்கவில்லை என்கிறாள். அவள் தூங்கும்போது திறந்து பார்க்கலாமென்றால், இப்போதெல்லாம் அவள் பகலில் தூங்குவதே இல்லை.